சிவப்பில் ஒரு பெயர்

உலகத்தில் நூறு கம்பெனிகள் வேலைத் திட்டம் போடும் மென்பொருள் வாங்கினால், அதில் நாற்பத்தொரு கம்பெனிகள் ஒரே மென்பொருளைத்தான் வாங்குகின்றனவாம். வர்ஷினி இதை ஒரு வட்டப் படமாக வரைந்து, நீல நிறம் அடித்து, அவள் அப்பாவிடம் காட்டியிருந்தாள். வட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைய நீலம். மிச்சத்தில் நாலைந்து நிறங்கள். கடைசியில் ஒரு மெல்லிய சாம்பல் கீற்று, அதன் பக்கத்தில் 'மற்றவை' என்று எழுதியிருந்தது. அந்தக் கீற்றுக்குள் எங்கேயோ நான் இருந்தேன். என் பெயர் நிதா. நான் செய்த மென்பொருளின் பெயர் வரிசை. அதை வைத்திருப்பவர்கள் மொத்தம் பதினோரு பேர்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே ஒற்றை அறையில், நானும் ரம்ஷாவும் அஃப்தாபும் ஐந்து வருடமாக உட்கார்ந்து செய்தது வரிசை. பட்டறை பட்டறையாகப் போய் நின்று, ஃபிட்டர்கள் எப்படி வேலையைப் பிரிக்கிறார்கள், ஸ்டோர்ஸில் என்ன சொல்லிச் சாமான் கேட்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துத் தமிழில் செய்தது. எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் தெரியுமா? அந்தப் பெரிய மென்பொருளுக்கு நாங்கள் எங்கள் அறைக்குள் வைத்திருந்த பெயர் நாற்பத்தொன்று. மரியாதையாகச் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் மார்க்கெட் ஷேர் என்பதே வேறு கணக்கு. கொங்கு நாட்டில் ஒரு பட்டறைக்காரர் மென்பொருள் வாங்க இணையத்தில் தேட மாட்டார். மச்சானுக்குப் போன் போட்டு, "நீங்க என்ன போட்டிருக்கறீங்க?" என்று கேட்பார். மச்சான் வைத்திருப்பதை இவரும் வாங்குவார். என் பதினோரு பேரில் ஒன்பது பேர் வர்ஷினியின் அப்பா தம்பிதுரையும் அவருக்கு ஏதோ ஒரு வழியில் உறவானவர்களும்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் தன் ஸ்டோர்ஸுக்கு மட்டும் வரிசையை வாங்கினார். பின்னாலேயே வரிசையாக மற்றவர்கள் வந்தார்கள். இப்போது அவர் கம்பெனி முழுக்க ஒரே மென்பொருள் போடப் போகிறார். அவர் நாற்பத்தொன்றுக்குப் போனால் ஒரு வருடத்துக்குள் ஒன்பது பேரும் போய்விடுவார்கள். மிச்சம் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மூன்று பேர் சாப்பிட முடியாது, அறையைப் பூட்ட வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், ரம்ஷாவுக்கும் அஃப்தாபுக்கும் தெரியும்.

தம்பிதுரையின் கம்பெனி தெய்வா ட்ரையர்ஸ், பெருந்துறை தொழிற்பேட்டையில் இருக்கிறது. தேயிலை உலர்த்தும் இயந்திரங்கள் செய்கிறார்கள். தெய்வா என்பது அவர் மனைவி தெய்வாத்தாளின் பெயர். நியாயமான மனிதர். மகள் நாற்பத்தொன்று என்கிறாள், இந்த அம்மணி வரிசை என்கிறது, இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். வால்பாறை எஸ்டேட்டுக்குப் போகிற இயந்திரத்தின் வேலை வரிசையில். வயநாட்டுக்குப் போகிறது நாற்பத்தொன்றில். இரண்டு மாதம் முடிந்து ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு மீட்டிங், அங்கேயே முடிவு.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. இரண்டாவது வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங் அம்மணி, யாருனால வேலை நிக்குதுன்னு ஒரே பார்வைல தெரியோணும். வேலையச் செவப்பாக் காட்டறீங்க, சந்தோசம். ஆளு பேரையும் செவப்பாக் காட்டுங்க. டீ குடிக்கற எடத்துல பெரிய டிவி ஒண்ணு வெச்சுப்போடலாம்," என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை தாமதமானால் வேலையைத்தான் சிவப்பாக்க வேண்டும், மனிதனை அல்ல. ஆனால் என் அப்பா வயதுக்காரர் கேட்கிறார். அதுவும் அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார். "செஞ்சுரலாங்க ஐயா" என்று வாய் சொல்லிவிட்டது. இரண்டே நாளில் செய்தும் கொடுத்தோம். டிவியில் பெயர்கள் பச்சையிலும் சிவப்பிலும் ஓடின. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வர்ஷினி மட்டும் முகத்தைச் சுளித்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கால் நேராக டிவியிடம்தான் போனது. எல்லாம் பச்சை!

முந்தின நாள் வரை ஒரு பெயர் சிவப்பில் இருந்தது. பாலகோபால். அசெம்பிளிப் பிரிவின் தலைவர், தம்பிதுரைக்கு மச்சான், தெய்வாத்தாளின் தம்பி. வால்பாறை இயந்திரத்துக்கு மூன்று ஃபேன். இரண்டு முன்பே போய்விட்டன. மூன்றாவது ஃபேனின் பேலன்சிங் முடியாமல் மூன்று நாளாக அவர் பெயர் டிவியில் சிவப்பாக நின்றது. மீட்டிங் நாளில் சிவப்போடு எப்படிப் போய் உட்காருவது என்று ராத்திரியெல்லாம் புரண்டிருந்தேன். இப்போது அதுவும் பச்சை. ரம்ஷாவுக்குப் போன் போட்டு, "முடிஞ்சிருச்சுடி, எல்லாம் பச்சை," என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

பிளானிங் அறையில் உட்கார்ந்து மீட்டிங்குக்குப் படங்களைத் தயார் செய்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் அதன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வரிசை பச்சை காட்டும். நாற்பத்தொன்றில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது, அதைச் சொல்லிப் பெருமையடிக்கலாம் என்று மூன்றாவது ஃபேனின் ரிப்போர்ட்டைத் திறந்தேன். காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஏற்றியிருந்தது. ரிப்போர்ட்டின் தலையில் ஃபேனின் நம்பர். கடைசி இலக்கம் இரண்டு.

மூன்றாக இருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இரண்டுதான். போன வாரம் போன இரண்டாவது ஃபேனின் ரிப்போர்ட்டையே மறுபடி போட்டோ எடுத்து ஏற்றியிருக்கிறார்கள்.

எழுந்து அசெம்பிளி ஷெட்டுக்குப் போனேன். பேலன்சிங் மெஷின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அது மூணு நாளா ஓடறதில்லீங்களே. சென்சார் போயிருச்சுங்க. கோபாலண்ணன் அதை ரிப்பேர் பண்ணி வாங்கியாறத்தான் காத்தால மொத பஸ்ஸுக்குக் கோயமுத்தூர் போயிருக்காருங்க."

"அப்ப மூணாவது ஃபேனு?"

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். கிரேனில் தொங்கிக்கொண்டிருந்த பெட்டி லாரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இதில் என்ன ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஃபேனுக்குள் இருக்கிற சக்கரம் ஒரு ஆளை விட எடை. நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று சுற்றும். ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடியிருந்தாலும் உதறும். உதறலில் பேரிங் உடையும், பிறகு இறக்கைத் தகடு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பேலன்சிங். முடியாமல் ஓட்டக் கூடாது என்பது அந்தக் கம்பெனியில் பெருக்குகிற அம்மாவுக்குக் கூடத் தெரியும்.

ரிப்போர்ட்டை ஏற்றியது அருண்குமார். பிளானிங் இன்ஜினியர், பாலகோபால் போன்ற மூத்தவர்கள் வாயால் சொல்வதை மென்பொருளில் ஏற்றுவது அவன் வேலை. நல்ல பையன், ஆனால் தெய்வாத்தாளின் தங்கை மகன், பாலகோபால் அவனுக்குத் தாய்மாமன். அது மட்டுமல்ல, அடுத்த மாதம் பாலகோபாலின் மகளைக் கட்டப் போகிறான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, எனக்கே ஒன்று கொடுத்திருந்தான். அவனை ஸ்டோர்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"மூணாவது ஃபேனு பேலன்ஸ் ஆகலதானே?"

அவன் மறுக்கவில்லை.

"அக்கா, மூணு நாளாச்சுங்க. டீ டைமுக்கு நூத்தியிருவது பேரு அந்த டிவி முன்னாடிதான் நிக்கறாங்க. 'என்னப்பா, மாமனாரு செவந்துட்டாரு'ன்னு எங்கிட்டயே கேக்கறானுங்க. மாமா டீ குடிக்கவே வாரதில்லீங்க இப்ப. ஊட்ல அத்தை பேசறதில்லை. என்ற மாமன் பேரை நானே செவப்பாப் போட்டு வெச்சுட்டு, அந்த ஊட்ல போயி எப்படீங்க பொண்ணெடுப்பேன்?"

"அதுக்குப் பொய் ரிப்போர்ட்டா?"

"பச்சையாகறதுக்கு மட்டும்தானுங் போட்டேன். டிஸ்பாட்ச்காரங்க அதைப் பாத்துட்டு லாரில ஏத்துவாங்கன்னு நெனைக்கலீங்க அக்கா."

"இப்ப ஏத்திட்டாங்க. போய் நிறுத்து."

"நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க. ஐயாவுக்குத் தெரியும்." என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நின்றான். "ஃபேனு போவட்டுங்க. நாளைக்குக் காத்தாலதானுங் அங்க ஓட்டறது. மாமா சாய்ந்தரம் சென்சாரோட வந்துருவாரு, அவருகிட்ட நான் பேசிக்கறேன். அந்தச் சென்சாரை மாட்டுனா ஓடற மாதிரி கையில கொண்டுபோற கருவி ஒண்ணு இருக்குது, ராத்திரி பஸ்ஸுக்கு நானே அதை எடுத்துட்டு வால்பாறை போயி, ஓட்டறதுக்கு முன்னாடி பேலன்ஸ் பண்ணிப்போடறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க. ரெண்டரைக்கு உங்களுக்கு மீட்டிங். பச்சையா இருந்தா உங்களுக்கும் நல்லதுதானுங்களே?"

கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. ஆனாலும் அவன் சொன்னதில் வழி இருந்தது. நாளைக் காலை வரை நேரம் இருந்தது. மதியம் மீட்டிங் முடிந்து, கையெழுத்து ஆகி, அதன் பிறகு நானே வால்பாறை ஃபிட்டருக்குப் போன் போட்டு ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. யாருக்கும் சேதம் இல்லை. இப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பதினொன்றரைக்கு லாரி கேட்டைத் தாண்டிப் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருட்டுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்று டிரைவருக்கு அவசரம்.

இரண்டரைக்கு மாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். தம்பிதுரை, வர்ஷினி, அருண்குமார், நான். முதலில் வர்ஷினி பேசினாள். அதே நீல வட்டம், அதே நாற்பத்தொன்று. பிறகு என் முறை. நன்றாகத்தான் பேசினேன். தமிழில் இருக்கிறது, பட்டறை ஆள் யாரும் பழகலாம், உங்களுக்கு என்ன வேண்டுமோ இரண்டு நாளில் மாற்றித் தருவோம் என்றேன். வால்பாறை வேலைப் பட்டியலைத் திரையில் போட்டேன். மேலிருந்து கீழ் வரை பச்சை. தம்பிதுரையின் முகம் மலர்ந்தது.

"வர்ஷினிம்மா, ஒலகத்துல நாப்பத்தொரு பேரு என்ன வேணா வாங்கட்டும் கண்ணு. எனக்கு இந்தப் பச்சை போதும்," என்று சிரித்தார். என் பக்கம் திரும்பி, "பேப்பரெல்லாம் கொண்டு வந்திருக்கறீங்களா அம்மணி?" என்று கேட்டார்.

கொண்டு வந்திருந்தேன். பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன். ஐந்து வருட உழைப்பு அந்த நாலு தாளில் இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வால்பாறையில் இயந்திரம் பொருத்துகிற ஃபிட்டர் மைதீன் பிச்சை. எல்லோரும் கேட்கட்டும் என்று தம்பிதுரை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, லாரி பொள்ளாச்சி வந்துருச்சாம். ஆறு ஆறரைக்கு மேல ஏறிரும். கிரேன் ரெடியா நிக்குது."

"நல்லதாப் போச்சுங்க. எஸ்டேட்டு மேனேசரு கேட்டாரு, வந்ததீம் மாட்டி இன்னைக்கே ஓட்டிப்போடுங்க. நாளை வரைக்கும் எதுக்கு?"

"ஓட்டிரலாங்க. ஆனா ஏழு மணிக்குத் தேயிலை சலிக்கற ஷிப்ட்டுக்குப் பொம்பளைங்க வந்துருவாங்க. ஃபேனுக்குப் பக்கத்துலதான் நிப்பாங்க, பரவாயில்லீங்களா?"

"அதுக்கென்னங்க, பேலன்சிங் எல்லாம் ஆயிருச்சே. பச்சை காட்டுது பாருங்க."

அருண்குமாரைப் பார்த்தேன். வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. எனக்கு அவன் மேல் வந்த கோபத்தை விட என் மேல் வந்த கோபம் பெரிது. காலையிலேயே பேசியிருக்க வேண்டியவள் நான். அங்கே நிற்கப் போகிற பெண்களை நான் பார்த்ததில்லை. ஆனால் என் பச்சையை நம்பித்தான் அவர்களை அதன் பக்கத்தில் நிறுத்தப் போகிறார்கள்.

"ஓட்டாதீங்க!" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. "மைதீன் அண்ணே, அந்த ஃபேனை ஓட்டாதீங்க. அது பேலன்ஸ் ஆகலை."

போனில் மைதீன் பிச்சை, "யாரு பேசறது?" என்றார்.

தம்பிதுரை என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "பச்சைன்னு இருக்குதுங்களே?"

"பொய்ப் பச்சைங்க ஐயா. பழைய ரிப்போர்ட்டு. காலைலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம உக்காந்திருந்தேன்."

அவர் போனில் இரண்டே வாக்கியம் பேசினார். லாரி வந்தால் இறக்காமல் அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னார். பிறகு டிரைவருக்குப் போன் போட்டு, பொள்ளாச்சியிலேயே நிறுத்தித் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பேனாவை மூடினார்.

"யாரு போட்டது?"

திரையில் அந்த வரிக்கு நேரே யார் ஏற்றியது என்று பெயரும் மணியும் சிறு எழுத்தில் இருக்கிறது, கிட்டே போனால் படிக்கலாம். அவர் எழுந்து போவதற்குள் அருண்குமார் எழுந்துவிட்டான்.

"நான்தானுங் பெரியப்பா." ஆபீஸில் அவன் எப்போதும் ஐயா என்றுதான் கூப்பிடுவான். "மாமன் பேரு செவப்பா நின்னுச்சுங்க. பாக்க முடியலீங்க."

தம்பிதுரை நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த இடத்தில் அவரே இருந்திருந்தாலும் தன் மாமன் பெயரைச் சிவப்பில் விட்டிருக்க மாட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

வர்ஷினிதான் பேசினாள். சண்டைக்குப் பேசவில்லை, தணிந்த குரலில் சொன்னாள். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? பேரைச் செவப்பாக் காட்டச் சொல்லி அப்பா அந்தப் பெரிய கம்பெனிக்காரங்ககிட்டயும் கேட்டாரு. ஆளு பேரைப் பொதுவுல சிவப்புல காட்டறது எங்க வழக்கமில்லை, முடியாதுன்னு மெயில் போட்டுட்டாங்க. நீங்கதான் ரெண்டு நாள்ல செஞ்சு குடுத்தீங்க."

அருண்குமார் தாய்மாமனுக்காகப் பொய் சொன்னான். நான் வாடிக்கையாளருக்காகத் தலையாட்டினேன். ஒரு பெரியவரின் மனம் நோகும் என்றால் உள்ளதைச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. பட்டறை ஆள்களை எனக்குத் தெரியும் என்று பெருமையடித்தேனே, அவர்களில் நானும் ஒருத்தி என்று அப்போதுதான் உறைத்தது.

தம்பிதுரை அருண்குமாரையும் வர்ஷினியையும் வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மணி, நீங்க இன்னைக்கு என்ற மானத்தைக் காப்பாத்தியிருக்கறீங்க. வாயைத் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் கையெழுத்தே ஆயிருக்கும். அது எனக்குத் தெரியுது."

"காலைலயே சொல்லியிருக்கோணுங்க."

"அது கெடக்குது. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்க. லாரி ஏன் திரும்புச்சுன்னு நாளைக்கு எஸ்டேட்டுக்கு இந்த ரெக்கார்டை அனுப்போணும். மச்சானும் பாப்பாப்ல. அதுல அருணு பேரு இருக்கக் கூடாதுங்க. இருந்தா இந்தக் கலியாணம் நடக்காது. மச்சான் ரோசக்காரன், பொய் ரிப்போர்ட்டு போட்ட கைக்குப் பொண்ணைக் குடுக்க மாட்டான். அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துப்போடுங்க."

"அருண் பேரை எடுத்தா அந்த வரில பாலகோபால் அண்ணன் பேரு மட்டும்தாங்க மிஞ்சும். அவரே போட்ட மாதிரி ஆயிரும்."

"ஆவட்டுங்க. அவன் தாங்கிக்குவான். பழைய ஆளு, மறந்துட்டான்னு சொல்லிக்கலாம். பையனுக்கு இனித்தானுங்களே வாழ்க்கை." நாலு தாளையும் தன் பக்கம் நகர்த்திப் பேனாவை அதன் மேல் வைத்தார். "இது இப்பவே ஆயிரும். அந்த டிவியையும் கழட்டிப்போடலாம்."

எவ்வளவு பணிவாகக் கேட்டார்! குரல் கூட உயரவில்லை. அதட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு வரி, ஒரு நிமிட வேலை. அதைச் செய்தால் ரம்ஷா இருப்பாள், அஃப்தாப் இருப்பான், அறை இருக்கும், ஒன்பது பேரும் இருப்பார்கள். விடியற்காலை முதல் பஸ் பிடித்துச் சென்சார் வாங்கப் போன மனிதர் மட்டும் பொய்யர் ஆவார்.

"முடியாதுங்க ஐயா," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை குரல் நடுங்கவில்லை.

தம்பிதுரை பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அப்பச் செரிங்க அம்மணி. பாக்கலாங்க. டீ சாப்டுட்டுப் போங்க," என்றார். எங்கள் ஊரில் பார்க்கலாங்க என்று சொன்னால் அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

போவதற்கு முன்னால் பிளானிங் அறையில் உட்கார்ந்து அந்தப் பொய் ரிப்போர்ட்டை 'தவறானது' என்று குறித்தேன். அழிக்கவில்லை. பேலன்சிங் வேலை பழையபடி முடியாத வேலை ஆனது. கீழே டிவியில் பாலகோபால் மறுபடி சிவப்பானார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிவப்பை நான்தானே செய்து கொடுத்தேன். அந்த டிவியை அங்கேயே உடைத்துப் போடலாம் போலிருந்தது.

தொழிற்பேட்டை வாசல் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். ரம்ஷாவின் போன் நாலு தடவை வந்தது. எடுக்கவில்லை, என்ன சொல்வது? எதிர்ப்பக்கம் கோயமுத்தூரிலிருந்து ஈரோடு போகிற பஸ் வந்து நின்று, ஒரே ஒரு ஆள் இறங்கினார். பாலகோபால். ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். தம்பிதுரை இன்னும் அவருக்குப் போன் செய்யவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஏனுங் அம்மணி, கெளம்பிட்டீங்களா? மீட்டிங் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க அண்ணே. சென்சார் கிடைச்சுதுங்களா?"

"பின்னே! ஒக்காந்து கையோட வாங்கியாந்துட்டேனுங்க. ஆறு மணிக்கு மாட்டுனா எட்டு மணிக்குள்ள ஃபேனு ரெடி." துண்டைச் சரி செய்துகொண்டு கொஞ்சம் தயங்கினார். "எம் பேரு இன்னும் செவப்பாத்தானுங்களே இருக்குது?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. "ஆமாங்க அண்ணே. மன்னிச்சுக்கங்க. அப்படிச் செஞ்சிருக்கவே கூடாது."

"அட, எதுக்குங்க மன்னிப்பு?" அவர் சிரித்தார். "மூணு நாளா சிரிச்சானுங்க, சிரிக்கட்டும்னு உட்டுட்டேன். அருணு கூட வந்து கேட்டான், பச்சையாக்கிரட்டுங்களா மாமான்னு. தொட்டயினா கையை ஒடிச்சுப்போடுவேன்னு சொல்லிட்டேனுங்க. செவப்பா இருக்கற சாமானை லாரில ஏத்த மாட்டாங்கன்னு ட்ரைனிங்ல நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க? அந்தத் தைரியத்துலதான் ஃபேனை அப்படியே போட்டுட்டு நிம்மதியாக் கோயமுத்தூரு போயிட்டு வாரேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "வாரேனுங் அம்மணி, வேலை கெடக்குது," என்று கேட்டுக்குள் வேகமாக நடந்துவிட்டார்.